முப்பத்தேழாவது படிவம்

ஜெயசித்ராவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். சங்கரன்கோவில் தறிக்கூடங்களில் அவளோடு பன்னிரண்டு வருடம் தறிக்கான நூலைக் குச்சியில் தார் சுற்றிய பெண்களுக்கு இது தெரியும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் மேஸ்திரி வேறு வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவார்.

பிளஸ் டூ படித்தவள். கையெழுத்து மணி மணியாக இருக்கும். அதனால்தான் விசைத்தறித் தொழிலாளிகளின் நுரையீரலைப் பரிசோதிக்க வெளியூரிலிருந்து ஓர் ஆய்வுக்குழு வந்தபோது, படிவம் நிரப்பும் வேலை அவளுக்குக் கிடைத்தது. பஞ்சுத் தூசியை இழுத்து வெளியே தள்ளும் காற்றாடிகளைத் தறிக்கூடங்களில் வைக்கச் சொல்லித் தொழிலாளிகள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தூசியால்தான் மூச்சு கெடுகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று முதலாளிகள் கேட்டார்கள். அந்த ஆதாரத்தைத் தேடத்தான் ஆய்வு. ஜெயசித்ராவின் தங்கை பூமாரி இன்னும் தறி ஓட்டுகிறாள். தை மாதத்திலிருந்து அவளுக்கு இருமல். அக்காள் அந்த வேலையை வெறும் வேலையாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் அதுதான்.

தறி ஓட்டுகிறவர்கள் இருநூறு பேர், ஓட்டாதவர்கள் இருநூறு பேர். எல்லோரையும் ஒரு கருவியில் மூன்று முறை ஊதச் சொல்லி, காட்டும் எண்ணை எழுத வேண்டும். முதல் இருநூறு பேரைத் தறிக்கூடத்திலேயே பிடித்துவிட்டார்கள். அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களை எழுதினால் போதும் என்று ஆய்வுக்குழுவின் மேற்பார்வையாளர் பாண்டியராஜ் சொல்லிவிட்டார். அடுத்த இருநூறு பேருக்கு எங்கே அலைவது? பூ மார்க்கெட்டைச் சுற்றிப் பூக் கட்டுகிறவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள், அவர்களை எழுதிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவள் ஜெயசித்ராதான். பாண்டியராஜ் அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அவளுக்கும் அன்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

எட்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. இரு தரப்பாரின் மூச்சிலும் பெரிய வித்தியாசம் இல்லையாம். கடைசி வரியில், காற்றாடிகள் அவசியம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்திருந்தார்கள். அடுத்த வாரம் கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்து அதை அதிகாரிகளிடம் கொடுக்கப்போகிறார்கள். களப்பணி செய்த ஜெயசித்ராவுக்குப் பொன்னாடை உண்டு.

வீட்டில் கணவர் சுடலைமணி பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தார். அவள் அறிக்கையை வாசிக்க வாசிக்கக் கேட்டவர், நடுவில் நிறுத்தச் சொன்னார்.

"இதுல நான் எங்கன இருக்கேன், சித்ரா?"

"தறி ஓட்டாதவுக பக்கம். முப்பத்தேழாவது படிவம்."

"இருவத்திரெண்டு வருசம் நான் என்னத்தடி ஓட்டுனேன்? மாட்டு வண்டியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஜெயசித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. படிவத்தில் இருந்தது 'தற்போதைய தொழில்' என்ற ஒரே கேள்வி. பூக் கட்டுதல் என்று அவளே எழுதினாள். மூச்சு முட்டித் தறியை விட்ட ஆளுக்கு இந்த ஊரில் உட்கார்ந்து செய்ய வேறென்ன வேலை இருக்கிறது? பூதான். தறி விரட்டியடித்தவர்களை அள்ளிக்கொண்டு வந்து, தறி ஒன்றும் செய்யாது என்பதற்குச் சாட்சியாக உட்கார வைத்திருக்கிறாள். தறிக்கூடத்தில் எழுதியதோ நிற்கத் தெம்பு உள்ளவர்களை. முடியாமல் லீவு போட்டவர்கள் எந்தத் தாளிலும் இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், ஒரு வருடம் இங்கே குடியிருந்தால் போதும். ஆனால் பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிறவளுக்கே தெரியாமல் போயிற்றே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாளே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போனாள். முன்பு என்ன வேலை பார்த்தீர்கள், ஏன் விட்டீர்கள்? இந்த இரண்டு கேள்விகள்தான். நான்கு நாளில், முன்பு எழுதிய இருநூறு பேரில் நூற்று எண்பத்து மூன்று பேரைப் பிடித்தாள். எழுபத்து நான்கு பேர் முன்பு தறி ஓட்டியவர்கள். அதில் ஐம்பத்தெட்டு பேர் மூச்சு இழுப்பால் விட்டவர்கள்.

பாண்டியராஜுக்குப் போன் போட்டாள்.

"அறிக்கை முடிஞ்சிட்டும்மா. படிவத்துல இல்லாத கேள்விய இப்ப எதுக்குக் கேக்குதீங்க? அடுத்தாப்ல திருவேங்கடத்துல ஒரு சர்வே இருக்கு. ஒங்களத்தான் நினைச்சிருக்கேன்."

"நினைச்சத மாத்திக்கோங்க சார்" என்றாள் ஜெயசித்ரா. குரல் இறங்கியிருந்தது.

மண்டபத்தில் முதலாளிகள் முன்வரிசையில் இருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மேடை ஏறினாள். பொன்னாடையை விரித்துக்கொண்டு முதலாளிகள் சங்கத் தலைவர் கிட்டே வந்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இது எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. இந்த அறிக்கை தப்பு. தப்பு செஞ்சதுல நானும் ஒருத்தி."

என்ன நடந்தது என்று சொன்னாள். தன் கணவரை எந்தப் பக்கம் எழுதினாள் என்பதையும் மறைக்கவில்லை.

"மெஷின்ல வந்த நம்பர் பொய் சொல்லுமா?" என்றார் தலைவர்.

"நம்பர் பொய் சொல்லல. யாரு நம்பர எந்தப் பக்கம் எழுதுனோம்ங்கதுலதான் பொய் இருக்கு."

ஆய்வை நடத்திய டாக்டர் கனகலட்சுமி அவள் நோட்டை வாங்கிப் புரட்டினார். நிமிர்ந்து பார்த்தபோது முகத்தில் கடுகடுப்பு இருந்தது.

"இதுவும் சரியான முறை இல்லம்மா. என்ன பதில் வேணும்னு மனசுல வச்சுக்கிட்டே போயிருக்கீங்க. தெரிஞ்சவங்க உங்களுக்காகக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். உங்க வீட்டுக்காரரே இதுல இருக்கார். இதை நான் எப்படி நம்புறது?"

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். ஜெயசித்ராவுக்குச் சுருக்கென்றது. டாக்டர் சொன்னது உண்மை என்பதால்தான் அப்படிச் சுட்டது. ஆனால் மேடையை விட்டு இறங்கவில்லை. அவள் பேசியதைக் கேட்க மண்டபமே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"நம்பாதீங்க. என் நோட்ட நம்ப வேண்டாம். என்னைய யாருன்னே தெரியாத ஆளா அனுப்புங்க. முன்ன என்ன வேலை பாத்தீய, எதுக்கு விட்டீயன்னு கேக்கச் சொல்லுங்க. லீவு போட்டுட்டு வீட்ல கெடக்கவுகளையும் தேடிப் போவச் சொல்லுங்க. தூசியால ஒண்ணுமில்லன்னு அப்பவும் வந்தா நானே வந்து ஒத்துக்கிடுதேன். அதுவரைக்கும் என்னையும் நம்பாதீங்க, இதையும் நம்பாதீங்க. காத்தாடி வேண்டாம்னு சொல்லுததுக்கு இந்தத் தாளக் காட்டாதீங்க."

டாக்டர் அதிகாரியின் மேஜையிலிருந்த அறிக்கையை எடுத்து, கடைசி வரியைப் பேனாவால் அடித்தார். அந்தக் கேள்வி படிவத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லாதது தன் குற்றம் என்று மைக்கிலேயே சொன்னார். தலைவர் குதித்தார். மறு ஆய்வு முடியும்வரை முடிவு எடுக்க முடியாது என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

திருவேங்கடத்து வேலைக்குப் பாண்டியராஜ் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். ஜெயசித்ரா மறுபடியும் தார் சுற்றப் போனாள். மூன்று கூடங்களில் இடமில்லை என்றார்கள், நான்காவதில் எடுத்துக்கொண்டார்கள். தேவையா உனக்கு இது என்று கேட்டவர்களுக்கு, தேவைதான் என்று பதில் சொன்னாள்.

ஆவணியில் மறு ஆய்வு தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முன்பின் பார்த்திராத ஒரு பெண் கருவியோடு வாசலில் வந்து நின்று சுடலைமணியின் பெயரைச் சொன்னாள். ஜெயசித்ரா நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தித் தெருவில் நின்றாள். சுள்ளென்று வெயில். உள்ளே அவர் முதல் முறை ஊதுவது கேட்டது. இரண்டாவதில் இருமல் பிடித்துக்கொண்டது. நிற்காத இருமல். தண்ணீர் கொடுக்கக் கை பரபரத்தது. தண்ணீர்ச் செம்பு நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

அந்தப் பக்கம் வந்த பூமாரி பதறிவிட்டாள்.

"அத்தான் இப்படி இருமுதாக. நீ என்ன வெயில்ல நிக்கே? உள்ள போக்கா."

"மாட்டேன்" என்றாள் ஜெயசித்ரா. "அந்தத் தாள்ல அவுக மூச்சு மட்டும் இருக்கட்டும். எம் பேச்சு இருந்துச்சுன்னா ஒனக்குக் காத்தாடி வராது."