கல் கழுவிய தண்ணீர்

கூழாங்கல்லுக்குப் பளபளப்பைக் கொடுப்பது எந்தப் பொடி? மகள் பொறுக்கி வந்த கற்களை மோட்டாரில் சுற்றும் உருளையில் போட்டு, அலுமினியம் ஆக்சைடும் சீரியம் ஆக்சைடும் மாற்றி மாற்றிச் சுற்றவிட்டு ஓய்ந்துவிட்டேன். கற்கள் மங்கலாகவே இருக்கின்றன. கழுவிய சேற்றுத் தண்ணீர்தான் வாளி நிறைய நிற்கிறது.

அதிலிருந்து வரும் ஈரக்கல் வாசனை என் அப்பாவுடையது. ஜீன்ஸை நுரைக்கல்லோடு சுற்றவிட்டு வெளுக்கவைக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. வேலை முடிந்து வந்து வாசலில் கால் கழுவினால் தண்ணீர் நீலமாக ஓடும்.

"ஏனுங்க, அது முருங்கைக்குப் போகுதுங்க," என்பார் அம்மா.

"அப்பக் குடிச்சுப் போடட்டுமா?" என்பார் அப்பா.

அம்மா சிரிப்பார். ஆனால் அந்த மரத்துக் கீரையை எங்களுக்குச் சமைத்ததே இல்லை.

"அம்மா, ஊத்தீறட்டுமா?" இப்போது என் மகள் வாளியைத் தூக்குகிறாள். சாக்கடையில் ஊற்றினால் சேறு இறுகி அடைத்துக்கொள்ளுமாம். செடிக்கு ஊற்றப் பயமாக இருக்கிறது. வீட்டில் கல் மெருகேற்றுகிறவர்கள் சொல்லுங்களேன், நீங்கள் எங்கே ஊற்றுகிறீர்கள்?