குறையாத ஆயில்

போர்வெல் போடும் ரிக் வண்டியில் எல்லாவற்றுக்கும் அடிதான் கணக்கு. கூலி அடிக்கு இவ்வளவு. டீசல் அடிக்கு இவ்வளவு. பாறையைக் குடையும் பிட் எத்தனை அடி தாங்கியது என்பதுதான் அதன் வயது. என்ஜின் ஆயிலும் அப்படித்தான். இத்தனை ஆயிரம் அடி போட்டாகிவிட்டால் பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் மாற்றுகிறவனை ஊதாரி என்பார்கள்.

நான் அந்த வேலைக்கு வருவதற்கு முன் நாமக்கல்லில் முட்டை லாரியில் கிளீனராக இருந்தேன். அங்கே ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு. அதற்கும் முன் ஓமலூருக்குப் பக்கத்தில் ஒரு டிராக்டர் பட்டறையில் மண்ணெண்ணெயில் சாமான்கள் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே மணிக்கணக்கு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எந்த வேலையிலும் நான் அதிக நாள் ஒட்டியதில்லை. பட்டறையில் தூங்க இடம் இருந்தது, சோறு சரியில்லை. லாரியில் சோறு சரியாக இருந்தது, தூக்கம் இல்லை. போகிற இடத்தில் என்ன கணக்கோ அதை அப்படியே வாங்கிக்கொள்வேன். ரிக்கில் எனக்கு வேலை சமையல், கிரீஸ் அடிப்பது, காலையில் ஆயில் அளவு பார்ப்பது. குழிக்குள் ஒன்றோடொன்று கோத்து இறக்கும் இரும்பு ராடுகளை மாற்றுவதற்கு வடக்கேயிருந்து வந்த மூன்று பேர் இருந்தார்கள்.

வண்டி, லீவர் பிடித்துக் குழி போடும் எங்கள் டிரில்லருடையது. திருச்செங்கோட்டுக்குக் கீழே ஒரு கிராமத்துக்காரர். பத்துப் பன்னிரண்டு வருஷம் மற்றவர்களின் வண்டியில் ராடு பிடித்து, பிறகு லீவர் பிடித்து, கடைசியில் தன் பங்குக்கு வந்த தோட்டத்தை விற்று இந்தப் பழைய ரிக்கை வாங்கியிருந்தார். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். இந்த வண்டி நின்றால் அவருக்குத் திரும்பிப் போய் உழ ஒரு சால் நிலம்கூடக் கிடையாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரும் மறைத்ததில்லை.

லாரியை ஓட்ட ஒரு என்ஜின். லாரியின் முதுகில் ஏற்றி வைத்த இன்னொரு என்ஜின்தான் குழிக்குள் காற்று அடிக்கும், ராடுகளைத் தூக்கும், இறக்கும். அந்த இரண்டாவது என்ஜின் எங்கும் போகாது. நின்ற இடத்தில் காலையிலிருந்து இருட்டுகிற வரை கத்திக்கொண்டிருக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்ட அதில் ஒரு மீட்டர் இருந்தது. வாங்கும்போதே அதன் கண்ணாடி உடைந்து முள் செத்திருந்தது. அதைச் சரிசெய்ய யாரும் நினைக்கவில்லை. மணியைத் தெரிந்து என்ன செய்வது?

இது நடந்த கோடைக்கு முன் நாங்கள் வெளிமாநிலத்தில் மெத்தென்ற பூமியில் ஓட்டிக்கொண்டிருந்தோம். ராடு வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். அடிக்கணக்கு மளமளவென்று ஏறும், ஆயிலும் அடிக்கடி மாறும். வண்டிக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு கெங்கவல்லிப் பக்கம் வந்தோம். கறுப்புப் பாறை. அங்கே அரை மணியில் போட்ட ஆழத்துக்கு இங்கே அரை நாள் ஆனது. ஆயில் மாற்றும் கணக்கு மட்டும் அதே அடியில் நின்றது.

தினமும் காலையில் அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, டிரில்லரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். கற்பூரத் தட்டு காட்டுவதுபோல் என்று அவரே கேலி செய்வார். பழைய என்ஜின் என்றால் கொஞ்சமாவது ஆயில் குடிக்கும், அவ்வப்போது ஊற்ற வேண்டியிருக்கும். எங்களுடையது கெங்கவல்லிக்கு வந்ததிலிருந்து குறையவே இல்லை. டீக்கடையில் மற்ற ரிக்காரர்களிடம் அவர் பெருமையாகச் சொல்வார்:

"உங்க வண்டியெல்லாம் ஆயில் குடிச்சே அழியுது. எங்குளுது சுத்த விரதங்க. பச்சத்தண்ணி பல்லுல படாது."

பிறகு ஒரு காலையில் குச்சியில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. யாரும் ஊற்றவில்லை. ஊற்றினால் நான்தான் ஊற்றியிருக்க வேண்டும். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். பிசுபிசுப்பே இல்லை, விரல் வழுக்கிக்கொண்டு போனது. பட்டறையில் செய்வதுபோல் ஒரு சொட்டைத் தினத்தாளின் ஓரத்தில் விட்டேன். நல்ல ஆயில் விழுந்த இடத்தில் உட்காரும். இது நடுவில் கறுப்பாக நின்று, சுற்றிலும் வெளுத்த வட்டமாகப் பரவிக்கொண்டே போனது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆள் படத்தின் முகத்தை அது மூடிவிட்டது.

"அண்ணா, ஆயில் ஏறீருக்குதுங்ணா."

"ஏறுனா நல்லதுதான? எறங்குனாத்தான் ஊத்தோணும்."

"ஊத்தாம எப்படீங்ணா ஏறும்? ஆயில்ல டீசல் எறங்குது. மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். விவரம் தெரியாதவர் அல்ல. குச்சியை இன்னொரு முறை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் தோளிலேயே அதைத் துடைத்தார்.

"டீசல் நாசில் எங்கியோ ஒழுகுது. இந்த போரு முடியட்டும். அடிக்கணக்கும் இதோட சரியா வந்துரும். ஆயிலு, நாசிலு ரண்டையும் ஒண்ணாப் பாத்துக்கலாம்."

"மணிக்கணக்குப் பாத்தா எப்பவோ தாண்டீருக்குமுங்ணா. பாறையில கெடந்து கத்துதுங்களே."

"மணிக்கு எவன் சாமி எனக்குக் கூலி குடுக்கறான்? முட்ட லாரியில கத்துக்கிட்டயா? நீ முட்டய ஒடைக்காம இருந்தியான்னு கேளு மொதல்ல."

ராடுக்காரர்கள் மொழி புரியாமலே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ஜினை முடுக்கினோம்.

அன்றைய போர் ஒரு அம்மாளின் காட்டில். புருஷன் கேரளத்தில் கட்டட வேலையில் இருந்தார். பழைய கிணறும் பழைய போரும் வற்றி, மரவள்ளிச் செடிகள் இலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. மாடுகளுக்கு அந்த அம்மாள்தான் தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். காலையில் குழிக்கு மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் காட்டியது முதல் வேப்பமரத்தடியில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தவர் வீட்டுக்குப் போகவே இல்லை. குழியிலிருந்து பீறிட்ட கல்மாவை ராடு மாற்றும் இடைவெளியில் வந்து அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பார்ப்பார்.

"தம்பி, இது ஈரமா இருக்குது பாரேன்."

"இல்லீங்கக்கா. உங்க கை வேத்திருக்குது," என்றார் டிரில்லர்.

"வேர்வைக்கும் தண்ணிக்கும் எனக்குத் தெரியாதாப்பா?"

"தெரிஞ்சா நீங்க லீவரப் புடிங்க. நான் கூடையில உக்காந்துக்கறேன்."

அந்தக் குழி ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. பாதி ஆழத்தில் ஓரிடத்தில் பாறை நொறுங்கலாக இருந்தது. ராடு மாற்றுவதற்காகக் காற்றை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த நொறுங்கலிலிருந்து கற்கள் உதிர்ந்து ராடுகளின் அடியில் பாறையை இடிக்கும் ஹேமரின் தலையில் விழுந்தன. மறுபடி காற்றைத் திறந்து ஊதி வெளியேற்ற வேண்டும். அவ்வளவு ஆழத்துக்குக் குழாய் இறக்கி அடைக்கவும் முடியாது.

"இந்தக் குழியில காத்து ரொம்ப நேரம் நிக்கக்கூடாது. நின்னுச்சுன்னா கல்லு எறங்கி ஹேமரக் கவ்விக்கும். அப்பறம் யானையக் கட்டி இழுத்தாலும் வராது," என்று டிரில்லர் எனக்குச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என்ஜினைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

என்ஜினின் பக்கவாட்டில் ஆயில் பிரஷர் முள் இருந்தது. காலையில் குளிர்ந்த என்ஜினில் அது நிமிர்ந்து நின்றது. வெயில் ஏற ஏறக் கீழே வந்தது. சூட்டில் எந்த ஆயிலும் இளகும். ஏற்கெனவே இளகிப்போன ஆயில் அதற்கும் மேல் இளகினால் பேரிங்குக்கும் இரும்புக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. பட்டறையில் கழுவிய சாமான்களில் அப்படித் தேய்ந்த பேரிங்குகளைப் பார்த்திருக்கிறேன். உள்பக்கம் வெள்ளி போய்ச் செம்பு தெரியும். மத்தியானச் சோற்றை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது.

டிரில்லரின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். சத்தத்தில் பேச்சு கேட்காது. பார்த்தார். கையை மேலே காட்டினார், ராடுகளைத் தூக்கிவிடலாம் என்று. அந்த அம்மாள் அதற்குள் எழுந்து ஓடி வந்துவிட்டார்.

"எதுக்குப்பா நிறுத்துற?" என்று டிரில்லரின் காதருகே கத்தினார்.

"வண்டி சூடாகுதுங்கக்கா. தூக்கிப்போட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஒரே ஒரு ராடு எறக்கிப் பாரு சாமி. பொடி நெறம் மாறுதுப்பா. மூணு மாடு நிக்குது எனக்கு."

பொடியின் நிறம் மாறியிருந்தது உண்மைதான். கறுப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்திருந்தது. டிரில்லர் அதைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், அடுக்கி வைத்த ராடுகளைப் பார்த்தார். இன்னும் ஒரு ராடு என்று விரலைக் காட்டினார்.

அந்த ராடு பாதி இறங்கியிருக்கும். என்ஜினின் அடியிலிருந்து ஒரு தட்டல் கேட்க ஆரம்பித்தது. பெரிய சத்தம் இல்லை. மூடிய அறைக்குள்ளிருந்து யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.  டிரில்லர் உடனே லீவரைப் பின்னால் தள்ளினார். ராடுகள் மேலே ஏறத் தொடங்கின.

தூக்குவதற்கும் அதே என்ஜின்தான் ஓட வேண்டும். வேகத்தைக் குறைத்தால் முள் படுத்துக்கொண்டது. கூட்டினால் தட்டல் பெரிதானது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தைத் தேடி அவர் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தார். ஒரு ராடு மேலே வரும், அதைக் கழற்றி ஒதுக்குவார்கள், அடுத்தது. வடக்கத்தி ஆட்கள் மூன்று பேரும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஒருவன் ராடை அடுக்கில் வைக்காமல் தரையிலேயே போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடினான்.

"டப்பாவ எடுத்து ஊத்து! ஊத்து சாமி!" என்று டிரில்லர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

ஆயில் மாற்றும் நாளுக்கென்று, சாமான் ஏற்றி வரும் துணை லாரியில் புது டப்பா இருந்தது. என்ஜின் ஓட ஓடவே மூடியைத் திறந்து ஊற்றினேன். சூடான ஆயில் என் முன்கையில் தெறித்துத் தோலை உரித்தது. முள் ஒரு மயிரிழை நிமிர்ந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு என்ஜின் தன் மூச்சுக் குழாய் வழியாகப் புகையும் ஆயிலுமாகக் கக்க ஆரம்பித்தது. முள் மறுபடி இறங்கியது. இன்னும் நாலைந்து ராடு ஏறியிருந்தால் ஹேமர் அந்த நொறுங்கலைத் தாண்டி மேலே வந்திருக்கும்.

என்ஜின் உறுமவுமில்லை, வெடிக்கவுமில்லை. ஒரு உலுக்கு உலுக்கியது. லாரி முழுக்க ஆடியது. நின்றுவிட்டது.

காலையிலிருந்து காதை அடைத்த சத்தம் போனதும் மாடு அசைபோடுவதுகூடக் கேட்டது. கல்மாவு மெதுவாக எங்கள் எல்லோர்மேலும் இறங்கியது. டிரில்லர் லாரிமேல் ஏறி, கடப்பாரையை முன் புல்லியில் கொடுத்துத் திருப்பப் பார்த்தார். நாங்களும் ஏறிப் பிடித்தோம். அசையவில்லை. கீழே இறங்கி, ஆயில் தேங்கும் சேம்பரின் அடிப் போல்ட்டைக் கழற்றினார். ஆயில் தண்ணீராகக் கொட்டியது. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். வெயிலில் அதற்குள் பொன்தூள்போல் ஏதோ மினுமினுத்தது. யாரிடமும் காட்டாமல் கையைக் காலோடு துடைத்துக்கொண்டார்.

பிறகு குழியருகே மண்டியிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ராடில் காதை வைத்தார்.  நானும் குனிந்து காது வைத்தேன். ஆழத்தில், இரும்பின் வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக, சின்னச் சின்ன மோதல்கள். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும்.

அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் பதற்றமே இல்லை.

"என்னமோ கேக்குது இல்ல தம்பி? தண்ணியா?"

டிரில்லர் காதை எடுக்கவில்லை.

"கல்லுங்கக்கா. இன்னும் உழுந்துக்கிட்டிருக்குது."

அந்த அம்மாள் நம்பவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் மண்டியிட்டார். கல்மாவு படிந்த ராடைத் துடைத்துவிட்டுத் தன் காதை வைத்தார்.