தையல்காரர் வெட்டிக் கொடுத்த அட்டைகள்

என் அக்காவுக்கு மருத்துவமனையில் டைப் அடிக்கும் வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு ரிப்போர்ட்டாக அடிக்க வேண்டும். சேர்ந்த புதிதில் அவளுக்கு இங்கிலீஷ் அரைகுறை. கூட்ஸ் வண்டி மாதிரி நீளும் வார்த்தைகளைக் கேட்டு பாத்ரூமில் போய் அழுதிருக்கிறாள். ஆனால் கெட்டிக்காரி. ஒரே துண்டுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்று சீக்கிரமே பிடித்துவிட்டாள். கார்டியோ என்றால் இதயம், நெஃப்ரோ சிறுநீரகம், ஹெபட் கல்லீரல். வாலில் ஐடிஸ் வந்தால் வீக்கம், ஓமா வந்தால் கட்டி. எல்லாம் லத்தீனும் கிரேக்கமும் போட்ட பிச்சை என்பாள்.

அத்தான் தையல்காரர். புதுச் சட்டைக்குள் வைக்கிற அட்டையைச் சதுரமாக வெட்டிக் கொடுப்பார். ஒரு அட்டைக்கு ஒரு வேர்ச்சொல்லும் அதன் தமிழ் அர்த்தமும் என்று அக்கா எழுதிவைப்பாள். அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தாள். அந்த வேர் வரும் வார்த்தை ஒன்றைத் தானாகக் கண்டுபிடித்து அடியில் எழுதினால்தான் மூலையில் டிக் போடலாம்.

"ஹைப்பர்னா அளவுக்கு மீறினது. உதாரணம் வேணும்னா உன் வாய்" என்று என்னிடமே சொன்னாள். அவ்வளவு கொழுப்பு. அத்தான் குண்டூசியைப் பல்லில் கடித்தபடி சிரித்தார். அளவுச் சீட்டில் கிறுக்கும் பெரிய எழுத்துகளைத் தவிர அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒரு நாள் அத்தானின் ரிப்போர்ட் அவள் மேஜைக்கே வந்தது. ஹெபட்டோமா. அவள் கையாலேயே அடித்தாள். "நானே அவர்கிட்ட சொல்லிக்கிறேன் டாக்டர்" என்று கெஞ்சி, ரிப்போர்ட்டை வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

"என்னம்மா எழுதியிருக்காங்க?" என்று அத்தான் கேட்டார்.

"கல்லீரல்ல கொஞ்சம் வீக்கம். மாத்திரையில சரியாயிடும்."

தலையைக் கழற்றாமல் வாலை மட்டும் மாற்றிவிட்டாள். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு தினமும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "வீக்கம் குறைஞ்ச மாதிரிதான் இருக்கு" என்பார். நாலே மாதம்தான்.

அவர் போனபின் அக்கா ஆளே மாறிப்போனாள். கடைப் பலகை, மருந்து அட்டை, எதைப் பார்த்தாலும் வார்த்தை இரண்டாக உடைகிறதாம். மத்தியானம் ஆனால் தையல் அறையில் அட்டை வெட்டும் கத்தரிக்கோல் சத்தம் கேட்கிறதாம். வேலைக்குப் போவதில்லை. இந்த மாதத்தோடு இடம் போய்விடும் என்று ஆபீசில் சொல்லியும் விட்டார்கள்.

"என்ன எழுதியிருக்காங்கன்னு இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கார்டி. ஒண்ணும் தெரியாமலே ஏமாந்து போயிட்டாரே. நான்தானே ஏமாத்தினேன்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தக் கண்றாவிப் பெட்டிதான் உன்னைப் பிடிச்சு ஆட்டுது" என்று அந்த அட்டைகள் இருந்த பெட்டியைத் தூக்கித் தரையில் கவிழ்த்தேன். அவள் பதறி ஓடிவந்து பொறுக்கினாள். பொறுக்கிய கை பாதியில் நின்றது.

ஹெபட் அட்டையிலும் ஓமா அட்டையிலும் மூலையில் நீலச் சாக்பீஸ் டிக். துணியில் கோடு போடும் சாக்பீஸ். இரண்டிலும் அடியில், அளவுச் சீட்டில் எழுதும் அதே கோணல் எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிய ஒரே வார்த்தை. அவருடைய ரிப்போர்ட்டில் இருந்த வார்த்தை.

அக்கா இரண்டு அட்டைகளையும் ஒன்றை ஒட்டி ஒன்றாக வைத்துப் பார்த்தாள்.

"அப்போ வீக்கம் குறைஞ்ச மாதிரி இருக்குன்னு தினம் தினம் சொன்னாரே, அது?"

அளவுக்கு மீறின என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"பக்கத்துல பக்கத்துல படுத்துக்கிட்டு நாலு மாசம் தனித்தனியா செத்திருக்கோம்டி" என்றாள். அந்த இரண்டு அட்டைகளையும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு ஓவென்று கதறினாள்.

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். தையல் அறையின் கதவு திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கும் தைரியம் வரவில்லை.