மூன்றாவது வெள்ளிக்கிழமைக்கு ஒரு சான்றிதழ்

தேதி குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாட்களிலேயே தொற்றிக்கொண்டது. பால்காரர் மாறிய நாள், தெருக் குழாயில் கைப்பிடி உடைந்த நாள், எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்த நாள் எல்லாம் என் நோட்டுகளில் இருக்கின்றன. அதனால் யாருக்கும் பயன் விளைந்ததில்லை. 2002ஆம் ஆண்டு புரட்டாசியில் ஒரே ஒரு முறை அந்த நோட்டு ஒரு கல்யாணத்துக்குத் தேவைப்பட்டது. அப்போது நான் அதை மூடி வைத்துக்கொண்டு பொய் சொன்னேன்.

அந்தக் கல்யாணம் என் தங்கையுடையது. அவள் அரக்கோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். திருத்தணியிலிருந்து காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவாள். மாப்பிள்ளையின் வீடும் அரக்கோணம்தான். ரயில்வே குடும்பம். அவர் மட்டும் மஸ்கட்டில் வேலையாக இருந்தார். ஆனி மாதம் நிச்சயம் முடிந்தது, தை மாதம் கல்யாணம். இடைப்பட்ட ஏழு மாதமும் இருவரும் பேசிக்கொள்ள வழி, அவருக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமையில் மாலை ஆறு மணிக்கு கம்ப்யூட்டரில் சாட் செய்வதுதான். தங்கை தன் சம்பளத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி கூடத்தில் வைத்திருந்தாள். மோடம் கிறீச்சிட்டு இணைப்பு கிடைத்ததும் அப்பா செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். நானும் போவேன், போகும் முன் மணி பார்த்துக்கொண்டு.

அந்த இணைப்பு எங்கள் வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. கம்பி எதிர்ச்சாரிக் கம்பத்திலிருந்து தெருவைக் கடந்து எங்கள் வீட்டு முகப்புக்கு வந்தது. எங்கள் சாரியில் தொலைபேசி வைத்திருந்தது நாங்கள் மட்டும். ஆகவே தெருவுக்குக் குறுக்கே தொங்கியது எங்கள் கம்பி ஒன்றுதான். கிருத்திகைதோறும் பூக்காவடிகள் அந்தத் தெரு வழியாகத்தான் சரவணப் பொய்கைக்குப் போகும். வருடத்துக்கு வருடம் காவடிகளின் உயரம் ஏறிக்கொண்டே போயிற்று, கம்பி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எனவே கோயில் அலுவலகம் ஒரு தாள் அனுப்பும், லைன்மேன் முந்தின நாளே வந்து எங்கள் கம்பியைக் கழற்றிக் கம்பத்தில் சுற்றிவிட்டுப் போவார். திரும்ப மாட்டுவது அவருக்குத் தோன்றுகிறபோது.

கிருத்திகை இருபத்தேழு நாளுக்கு ஒரு முறை வருவது. அதாவது ஒவ்வொரு முறையும் வாரத்தில் ஒரு நாள் முன்னே நகரும். அந்த ஆடியில் வெள்ளிக்கிழமை வந்தது. வியாழன் கழற்றிய கம்பியைத் திங்கள் மாட்டினார். ஆவணியில் வியாழக்கிழமை. புதன் கழற்றியது சனிக்கிழமை மாலை வீடு வந்தது. இரண்டு முறையும் மஸ்கட்டில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வெள்ளியில் தங்கை காரணம் சொன்னாள், அவரும் நம்பினார்.

புரட்டாசியில் கிருத்திகை புதன்கிழமை. செவ்வாய் கழற்றினார்கள். ஆனால் வியாழன் மாலை ஐந்தே முக்காலுக்கே லைன்மேன் வந்து மாட்டிவிட்டார். எதிர்ச்சாரியில் யாரோ பெரிய மனிதர் வீட்டு வேலைக்கு வந்தவர், ஏணி கையில் இருந்ததால் எங்களுடையதையும் முடித்தார். மோர் குடித்தார். ரிசீவரை எடுத்துப் பார்த்தேன், ஒலி வந்தது. நோட்டில் எழுதினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மோடம் சத்தமே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். தங்கை கட்டிலில் படுத்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி வயரின் முனை சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, மேசைக் காலில் நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது.

"என்னம்மா இது?"

"கிருத்திகைண்ணா."

"கிருத்திகை புதன்கிழமையே முடிஞ்சிடுச்சே."

"காவடி போன வாசனை இன்னும் தெருவுல இருக்குது பாரு."

பத்திரிகையைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "போன வாரம் அவர் சொல்றாரு, அங்க வந்தப்புறம் வேலைக்கெல்லாம் போக வேணாமாம். ஓய்வா இருக்கணுமாம். நான் என்ன ரிட்டையர் ஆனவளா?"

அதையும் நோட்டில் எழுதினேன், ஒரே வரியில்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மாப்பிள்ளையின் அம்மா வந்து இறங்கினார். தனியாக வந்தார், பூ இல்லை, பழம் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டார்.

"இன்னாங்கண்ணா," என்றார் அப்பாவிடம், "பொண்ணுக்கு இஷ்டம் இல்லன்னா வாய்விட்டுச் சொல்லிடுங்க. எம்புள்ள வெள்ளிக்கிழமையானா அந்த டப்பா முன்னாடி குந்திகினு கீறான். மாசா மாசம் இவ ஒரு வாட்டி காணாம பூடறா. மூணு வாட்டி ஆயிடுச்சி."

"கம்பியக் கழட்டிடறாங்கம்மா, கிருத்திகைக்கு," என்றார் அப்பா.

"ஆங், அத்தத்தான் அவனும் சொல்றான். எழுத்து இருக்குதா?"

எங்களுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். அவருடைய வீட்டுக்காரர் முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தவர். ரயில் தாமதமாகி ஒருவன் வேலைக்கு நேரம் கழித்துப் போனால், ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சீட்டு எழுதித் தருவார். சீட்டு இருந்தால் ரயில் தாமதம், இல்லாவிட்டால் ஆள் தாமதம். அவர்கள் வீட்டில் உலகமே அப்படித்தான் நடந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம வருவேன். அது வரிக்கும் எம்புள்ள அந்த டப்பா முன்னாடி குந்த மாட்டான். எழுதி வாங்கி வைங்க. இல்லன்னா தட்ட மாத்தினத மறந்துடலாம். ரெண்டு பேருக்கும் வயசு கீது."

அவர் போன பிறகு தங்கை என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ண்ணா, அவர் மேல கோவம்தான். வேணாம்னு இல்ல."

"அப்ப உண்மையச் சொல்லிடு."

"மாமியார்கிட்டயா? வர்றதுக்கு முன்னயே வயரப் புடுங்குனவன்னு பேர் வாங்கிக்கினு போகவா?"

திங்கட்கிழமை தொலைபேசி அலுவலகத்துக்குப் போனேன். மூன்று முறை இணைப்பு இல்லாமல் போனதற்கு ஒரு சான்று வேண்டும் என்றேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையானவர். புகார்ப் பதிவேட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் புகார்கள் அத்தனைக்கும் எதிரே அதே நாள் தேதியில் 'சரிசெய்யப்பட்டது' என்று இருந்தது.

"ரிஜிஸ்டர்படி உங்க போன் ஒரு நாள்கூடச் சாகல சார்."

"கம்பியே இல்லாம எப்படிங்க உயிரோட இருக்கும்?"

"அது எனக்கும் ஆச்சரியந்தான்."

சுவரில் ஓர் அட்டை தொங்கியது. தொடர்ந்து பழுதாகிக் கிடந்தால் வாடகையில் கழிவு உண்டு என்று. அதைக் காட்டினேன். விண்ணப்பம் கொடுங்கள், கழித்துவிடலாம் என்றார். சந்தோஷப்பட்டு, அப்படியானால் பழுது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அதை மட்டும் எழுத மாட்டாராம். எழுதினால் அந்த மாதக் கணக்கில் அவருடைய நிலையத்துக்குக் கறுப்புப் புள்ளி விழும். காசைத் திருப்பிக் கொடுப்பார், காரணத்தைக் கொடுக்க மாட்டார்.

"தண்ணி, கரண்ட் மாதிரி இதுவும் அவசியம்தானே சார்," என்றேன். அந்த மாதம்தான் ஒரு கட்டுரையில் படித்திருந்தேன், படித்ததை வீணாக்க மனம் வரவில்லை.

"இன்டர்நெட் என்ன, அரிசியா பருப்பா? நாலு நாள் இல்லன்னா யாரு சாகப்போறா?"

என் அப்பா மலைக்கோயில் உக்கிராணத்தில், அதாவது கோயில் மளிகைக் கிடங்கில், மடைப்பள்ளிக்கு அரிசி பருப்பு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். வீட்டுக்கு வந்து நான் இதைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "அந்தத் தாளு கோயில் ஆபீஸ்ல இருக்குமே," என்றார்.

இருந்தது. புதன்கிழமை மேலே போய்ப் பார்த்தோம். காவடி வரும் தெருக்களின் பட்டியல், பக்கத்தில் 'கம்பி கழற்றிய தேதி', 'மாட்டிய தேதி', லைன்மேன் கையெழுத்து. கார்பன் நகல், கோயில் முத்திரையுடன். இதைவிடப் பெரிய எழுத்து அரக்கோணத்தில் எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் தர முடியாது.

தாளைப் புரட்டிய அப்பா வேறொன்றையும் கண்டுபிடித்தார். கம்பியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டால் லைன்மேனுக்குப் புளியோதரையும் வடையும் ஒரு பையில் கொடுப்பது வழக்கம். அப்பாவே எத்தனையோ முறை அதற்குச் சாமான் அளந்து கொடுத்திருக்கிறார்.

"கழட்டுறப்பவே குடுத்துட்டா அவன் எதுக்கு அவசரப்பட்டு மாட்டுவான்?" என்று அங்கிருந்த எழுத்தரிடம் சொன்னார். "மாட்டினப்புறம் குடுங்க."

ஆடிக்கும் ஆவணிக்கும் இரண்டு தேதிகளும் சரியாக இருந்தன. என் நோட்டுடன் ஒத்துப்போயின. புரட்டாசிக்குக் கழற்றிய தேதி இருந்தது, மாட்டிய தேதிக் கட்டம் காலி.

எழுத்தர் லைன்மேனுக்கு ஆள் அனுப்பினார். அவர் படியேறி வந்து, மூச்சு வாங்கி, முருகனை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"எப்ப மாட்டினேன் நைனா? எனக்கு ஞாபகமே இல்ல. அன்னிக்கு மோர் குடிச்சது மட்டும் ஞாபகம் கீது. நீதான் எல்லாத்தையும் எழுதிகினே இருப்பியே, சொல்லு."

நோட்டு என் கையில்தான் இருந்தது. வியாழன், ஐந்தே முக்கால். வியாழன் என்று எழுதினால் வெள்ளிக்கிழமை லைன் உயிரோடு இருந்தது என்று அர்த்தம். ரயில் நேரத்துக்கு வந்தது, ஆள்தான் வரவில்லை. அப்பா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மோர் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

"சனிக்கிழமை," என்றேன்.

"பாவம் நைனா, அத்தினி நாளா வுட்டுட்டேன்?" என்று உண்மையாகவே வருந்தி, தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பொய்க்காக ஒரு நல்ல மனிதர் என்னிடமே மன்னிப்புக் கேட்டார். அதை நோட்டில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா நகலை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கி, முத்திரையைத் தடவிப் பார்த்தார். எழுத்தைவிட முத்திரை அவருக்கு அதிகம் பிடித்தது. வேல் படம் இருந்ததால் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மொதல்லயே குடுத்திருந்தா நான் ஏண்ணா அலையப் போறேன்?" என்றவர், கைப்பையிலிருந்து இரண்டு முழம் மல்லிகை எடுத்துத் தங்கையின் தலையில் தாமே வைத்தார். கொண்டுதான் வந்திருக்கிறார், எழுத்தைப் பார்த்த பிறகு எடுப்பதென்று.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மோடம் கிறீச்சிட்டது. ஏழரைக்குத் தங்கை வாசலுக்கு வந்தாள். "சொல்லிட்டேண்ணா," என்றாள். "மொத ரெண்டு வாட்டி கம்பி, மூணாவது வாட்டி நான்னு."

"என்ன சொன்னாரு?"

"பத்து நிமிஷம் ஒண்ணுமே வரல. லைன்தான் போச்சுன்னு நெனச்சேன். அப்புறம், இங்க எந்த மாதிரி வேலை தேடலாம்னு கேட்டாரு."

"அம்மாகிட்டச் சொல்லுவாரா?"

"அம்மாவுக்கு அந்தப் பேப்பரே போதுமாம்."

ஐப்பசிக் கிருத்திகைக்குக் கழற்றிய கம்பியை லைன்மேன் அன்று மாலையே ஓட்டமாக வந்து மாட்டினார். புளியோதரைப் பை மேலே காத்திருந்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது.

இதற்கு நடுவில் நான் கழிவுக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தேன், அதே நகலை இணைத்து. மார்கழி பில்லில் கழித்திருந்தார்கள், நான் கூட்டிச் சொன்ன இரண்டு நாளையும் சேர்த்து. சில ரூபாய்தான். ஆனாலும் உறுத்தியது. போய், இரண்டு நாள் அதிகமாகக் கழித்திருக்கிறீர்கள், அந்த இரண்டு நாளும் லைன் நன்றாக இருந்தது என்றேன். அதிகாரி என்னை உட்காரச் சொன்னார்.

"செத்துச்சுன்னு எழுதிக் குடுத்தது நீங்க. இப்ப உயிரோட இருந்துச்சுங்கறீங்க. நான் அப்பவே அதத்தானே சார் சொன்னேன்?"

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

2007 கோடையில் மாப்பிள்ளையின் அம்மா திரும்பவும் தனியாக வந்தார். இப்போது அவர் வீட்டிலும் பிராட்பேண்ட் இருந்தது. மஸ்கட்டில் பேரன் தவழ்வதைப் பார்க்க வெள்ளிக்கிழமை தவறாமல் கேமராவின் முன்னால் உட்காருவார். பத்து நாளாக லைன் இல்லை. அரக்கோணம் அலுவலகத்தில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்.

"சோறு இல்லன்னாகூடப் பரவால்லடா, பேரன் மொகத்த எங்கடான்னு கேட்டேன். காசக் கழிச்சிக்கறோம்ன்றான். காசு யாருக்கு வோணும்? எழுத்துல குடுன்னேன். அப்டியெல்லாம் குடுக்கற வழக்கமே இல்லியாம். திருத்தணியில குடுத்திருக்காங்களேன்னு இத்தக் காட்டுனேன்."

கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். கார்பன் நகல், லேமினேட் செய்யப்பட்டிருந்தது. ஓரத்தில் மஞ்சள், குங்குமம்.

"பார்த்துட்டு, மனு எழுதிக்கினு வாங்கன்னுட்டான். இதே மாதிரி ஒண்ணு மனுவா எழுதிக் குடுங்க தம்பி. தேதியெல்லாம் கரெக்டா போடறதுல உங்கள வுட்டா ஆளே இல்லன்னு உங்க தங்கச்சி சொல்லிகினே இருப்பா."

வெள்ளைத் தாள் எடுத்துக்கொண்டேன். எதிரில் கண்ணாடிக் காகிதத்துக்கு அடியில் லைன்மேனின் பெரிய எழுத்தில் அந்தச் சனிக்கிழமையின் தேதி இருந்தது. நகத்தால் ஒரு முறை தேய்த்துப் பார்த்தேன். பிறகு, லைன் என்றைக்குப் போயிற்று என்று அவரைக் கேட்டேன்.

"வெள்ளிக்கெழம," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "இல்ல, ஞாயித்துக்கெழம. நீங்க வெள்ளிக்கெழமன்னே போடுங்க."