திரும்பாத கழுத்தும் ரிவர்ஸ் கேமராவும்

கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓடும் நாலைந்து தறிக்குடோன்களுக்கு மத்தியானச் சாப்பாடு மாசாணியம்மாளின் ஆம்னி வேனில்தான் வரும். சோறு, குழம்பு, ஒரு பொரியல், வடக்கேயிருந்து வந்து தறி ஓட்டுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு அடுக்கு நிறையச் சப்பாத்தி. சமைப்பதும் அவர்தான், ஓட்டி வருவதும் அவர்தான். வயது ஐம்பத்தெட்டு.

அவருடைய அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். மாசாணியம்மாள் பன்னிரண்டு வயதில் தறிக்குடோனுக்கு நூல் சுற்றப் போனார். கணவர் போன பிறகு சமையலுக்கு மாறினார். நாற்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூல் படியேறியபோது அங்கிருந்தவர், “பையனச் சேத்தலாம்னு வந்தீங்களாங்க?” என்று கேட்டார். “இல்லீங்க, வண்டி நாந்தானுங்க ஓட்டப் போறேன்” என்றார். முதல் தடவையிலேயே எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பஸ் திடீரென்று பிரேக் அடித்ததில் முன்சீட்டுக் கம்பியில் போய் மோதி அவருக்குக் கழுத்தெலும்பு உடைந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தகடு வைத்து ஸ்குரூ முடுக்கினார்கள். உயிர் பிழைத்தது, கழுத்து மட்டும் திரும்பவில்லை. யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். வண்டி ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “ஆறு மாசம் போகட்டும். அப்பறம் ரெண்டு பக்கமும் பெரிய கண்ணாடி வையுங்க, பின்னாடி கேமரா போடுங்க. கேமரா இல்லாம ரிவர்ஸ் எடுக்கவே கூடாது” என்றார். மகன் தமிழ்ச்செல்வனின் காதில் விழுந்தது ‘கூடாது’ மட்டும். மாசாணியம்மாள் அதற்கு முன்னால் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். ஏழாவது மாதம் கேமராவோடு வேன் தெருவில் இறங்கியது.

இந்த ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை, பெரிய குடோன் ஒன்றில் அந்தக் கேமரா போயிற்று. அந்தக் குடோனுக்கு இரண்டு மதிலுக்கு நடுவே வளைந்து போகும் நீளச் சந்து. உள்ளே வண்டி திருப்ப இடமில்லாததால் ரோட்டிலிருந்தே பின்னால் எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டுக் கொட்டகை முன்னால் நிறுத்த வேண்டும். அன்றைக்கு அவர் சோறு இறக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நூல் இறக்கிக்கொண்டிருந்த குடோன் லாரியிலிருந்து மூட்டை ஒன்று சரிந்து வேனின் முதுகில் விழுந்தது. நம்பர் பிளேட்டுக்கு மேலே இருந்த கேமரா நசுங்கி, வண்டிக்குள் கண்ணாடியோடு சேர்ந்திருந்த சின்னத் திரை கறுத்துவிட்டது.

நேராக அவிநாசி ரோட்டில் கார் சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் முத்தலிப்பிடம் போனார். பழைய கேமராவைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். முத்தலிப் வேறொரு காரின் டேஷ்போர்டுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக் கிடந்தார்.

“இது அவ்வளவுதானுங்க்கா, புதுசு போடணும். வண்டிய உட்டுட்டுப் போங்க, நாளன்னிக்குப் போட்டுத் தாரேன்.”

“நாளைக்கு நூறு பேருக்குச் சோறு போகோணுமுங்க. கேமராவக் குடுங்க, நானே போட்டுக்கறேன்.”

முத்தலிப் வெளியே தலையை நீட்டினார். “நீங்களாங்க்கா?”

“போன தடவ நீங்க போடறப்ப பக்கத்துலயே நின்னு பாத்தனுங்க. செவப்பு ரிவர்ஸ் லைட் வயருக்கு, கறுப்பு பாடிக்கு, மஞ்சப் பின்னு கண்ணாடிக்குப் போற வயருக்கு. சரிங்களா?”

சரிதான் என்றார் முத்தலிப். கடைக்கு முன்னாலேயே நின்றபடி மாசாணியம்மாள் வேலையைத் தொடங்கினார். தலை குனிய வராது என்பதால் வேனின் பின்கதவை மேலே தூக்கிவிட்டு, வயரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பிடித்து இணைத்தார். டேப் சுற்றினார். ரிவர்ஸ் கியர் போட்டதும் திரையில் எதிர்த்த மதில் பளிச்சென்று வந்தது, மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகளோடு. அவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

மறுநாள் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. குடோன் சந்தில் வண்டியைப் பின்னால் எடுத்தார். திரையின் இடது ஓரத்தில் ஒரு காலி டிரம் தெரிந்தது. அதற்கு விலகி வண்டியை வலப்பக்கம் ஒடித்தார். டிரம் விலகவில்லை, நெருங்கியது. இன்னும் கொஞ்சம் ஒடித்தார். டமாரென்று சத்தம். டிரம் உருண்டு போய் மதிலில் இடித்து நின்றது.

குடோன் மேனேஜர் நஞ்சுண்டன் ஓடி வந்தார். மாசாணியம்மாளைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

“ஏம்மா மாசாணி, அங்க ஆளு நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? கழுத்து திரும்பாதவ உனக்கெதுக்கு வண்டி? நாளையிலிருந்து டிரைவர் போட்டு அனுப்பு. இல்லாட்டி சாப்பாடே வேண்டாம்.”

டிரம்முக்குப் பதிலாக ஒரு ஆள் என்ற நினைப்பு மாசாணியம்மாளுக்கும் வந்திருந்தது. சோறு போட்டு முடித்து, வேனை முன்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வெளியே வந்து, ரோட்டோரக் காலியிடத்தில் நிறுத்தினார். அழுகை வரும்போல இருந்தது. ஆனால் அதையும் மீறி ஒன்று உறுத்தியது. இடதில் தெரிந்ததற்குத்தானே விலகினோம், பிறகு எப்படி இடித்தது?

குழம்பு வாளியை எடுத்துப் போய் வேனுக்குப் பின்னால், வலது மூலையில் வைத்தார். வந்து உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டார். வாளி திரையின் இடதுபக்கம் இருந்தது. இறங்கிப் போய் வாளியை இடது மூலைக்கு மாற்றினார். திரையில் அது வலதுக்குத் தாவியது.

“நெனச்சேன்!” என்று சத்தமாகவே சொன்னார்.

முத்தலிப்புக்குப் போன் போட்டார். “படம் வருதுங்க, ஆனா எடம் வலமா மாறி வருதுங்க.”

“அடடா, மன்னிச்சுக்குங்க்கா. அது வண்டிக்கு முன்னாடி மாட்டற மாதிரி செட் ஆயிருக்குது. நான் பாத்துக் குடுத்திருக்கோணும். கேமரா வயர்ல பச்சையா ஒரு வளையம் இருக்கும் பாருங்க, அத வெட்டி உட்டுருங்க. வெள்ளையத் தொட்டுறாதீங்க, கோடு போயிரும்.”

காய் நறுக்கும் கத்தியால் பச்சை வளையத்தை வெட்டி, முனைகளில் டேப் சுற்றினார். இப்போது திரையில் வாளி சரியான பக்கத்தில் நின்றது. அந்தக் காலியிடத்தில் வாளிக்கும் சட்டிக்கும் நடுவே இருபது தடவையாவது பின்னால் எடுத்திருப்பார். ஒன்றுமே அசையவில்லை.

வீட்டுக்குப் போனால் தமிழ்ச்செல்வன் வாசலில் நின்றிருந்தான். நஞ்சுண்டன் அவனுக்குப் போன் செய்திருந்தார்.

“போதும்மா. நாந்தான் சம்பாதிக்கறேனே, வண்டிய வித்துப்போடலாம்.”

“நீ சம்பாதிக்கறது எனக்குச் சந்தோசம் கண்ணு. அதுக்காக நான் ஊட்டுல உக்காரோணுமா? தப்பு கேமராவுல. சரி பண்ணிப்போட்டேன். வந்து பாக்கறயா?”

அவன் பார்க்க வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனான்.

புதன்கிழமை மத்தியானம் வேன் சந்து முனையில் வந்து நின்றது. ஸ்டீயரிங்கில் மாசாணியம்மாளைப் பார்த்ததும் நஞ்சுண்டன் கையைக் குறுக்கே நீட்டினார். மாசாணியம்மாள் இறங்கினார். உடம்போடு திரும்பி அவருக்கு நேராக நின்றார்.

“எம்பையனுக்கு எதுக்குங்க போன் பண்ணுனீங்க? வண்டி எம்பேர்ல இருக்குது, லைசென்ஸ் எம்பேர்ல இருக்குது. சொல்றத எங்கிட்டச் சொல்லுங்க.”

நஞ்சுண்டன் இதை எதிர்பார்க்கவில்லை. “அதில்லம்மா, நேத்து நீ...”

“நேத்து இடிச்சது நாந்தானுங்க. இல்லைன்னு சொல்லலீங்க. கேமரா எடம் வலமாக் காட்டுச்சு, அத ஊட்டுலயே சோதிச்சுப் பாக்காதது என்னோட தப்பு. இன்னிக்குச் சரியா இருக்குது. ஆளுகள உள்ள நிக்கச் சொல்லுங்க. டிரம்ம எங்க வேணாலும் வையுங்க. ஒண்ணு ஒரசுனாலும் நானே டிரைவர் போட்டுக்கறேனுங்க.”

பேச்சில் மரியாதையான ‘ங்க’ குறையவில்லை. குரலில்தான் இளக்கம் இல்லை.

“நல்லாத் திரும்பிப் பாத்து ஓட்டறவங்களே இந்தச் சந்துல தடுமாறறாங்க...” என்று நஞ்சுண்டன் இழுத்தார்.

“உங்க காரு இந்தச் சந்துல வாரப்ப வாட்ச்மேன் ‘வரலாம் வரலாம்’னு பின்னாடியே வாராருங்க. எனக்கு அந்த வேலையக் கேமரா செய்யுது.”

ஜன்னலில் நின்ற தறிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்தார். நஞ்சுண்டன் தாமே நாலு டிரம்மை உருட்டி வந்து வைத்தார். வேணுமென்றே ஒன்றை வளைவில், மதிலுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

மாசாணியம்மாள் அவசரப்படவில்லை. பக்கக் கண்ணாடி, திரை, மறுபடி பக்கக் கண்ணாடி. வளைவில் ஒருதரம் நிறுத்தி, முன்னால் எடுத்து, ஒடித்து, மறுபடி பின்னால் வந்தார். டிரம்முக்கும் வேனுக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்தது. கொட்டகை முன்னால் வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

“சரி, சோத்த எறக்கு” என்றார் நஞ்சுண்டன்.

“எறக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணுமுங்க. கேமராவ ஒடச்சது உங்க குடோன் லாரி. சாப்பாட்டு நேரத்துல மூட்டை எறக்கறத நிறுத்தோணும். ஆளுக தட்டத்தோட நிக்கற எடம் அது. மூட்டை வேன் மேல உழுந்ததுனால கேமராவோட போச்சு. ஆளு மேல உழுந்திருந்தா?”

நஞ்சுண்டன் கொட்டகை ஓரத்தில் இறக்கிக் கிடந்த மூட்டைகளைப் பார்த்தார். “சரிங்க. லாரிய ஒண்ணரைக்கு மேல வரச் சொல்லிர்றேன்” என்றார். அந்த ‘ங்க’ அவர் வாயில் எப்படி வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. மாசாணியம்மாளுக்குக் கேட்டது. கேட்காதவர்போல அடுக்கைத் திறந்தார்.

தமிழ்ச்செல்வனுக்குக் கவலை இன்னும் தீரவில்லை. தினமும் பன்னிரண்டரைக்குப் போன் அடிக்கிறான். அந்த நேரத்தில் அவர் எடுப்பதில்லை, சந்தில் வண்டி பின்னால் போய்க்கொண்டிருக்கும். எல்லோருக்கும் சோறு போட்ட பிறகு அவரே கூப்பிட்டு, “வந்து சேந்தாச்சு கண்ணு. நீ சாப்பிட்டயா?” என்று கேட்கிறார்.