நம்ம ஊர் மண்ணு

அந்த ஜீப் எப்படி நம் வீட்டிலேயே நின்றுவிட்டது என்று சின்னவள் போன வாரம் கேட்டாள். அன்றைக்கு அவளும் பின்சீட்டில்தான் இருந்தாள், ஆனால் பாதி நேரம் தூங்கிவிட்டாள். பெரியவனுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். அதனால் உங்கள் இருவருக்கும் எழுதி வைக்கிறேன்.

கோவில்பத்தில் ஒரு வீட்டு வேப்பமரத்தடியில் அது நின்றது. பழைய டீசல் ஜீப். கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கம்பி. அதைப் போட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அந்தக் குட்டிக் கம்பிக்காகத்தான் வாங்கினேன். நான் வளைகுடாவில் வேலை பார்த்தபோது, வெள்ளிக்கிழமைகளில் முதலாளியின் பிள்ளைகள் மணல்மேட்டில் வண்டி ஏற்றுவார்கள். நான் பின்னால் பிரியாணிச் சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வண்டி எவ்வளவு குதித்தாலும் சட்டி கவிழக் கூடாது, அதுதான் என் வேலை. ஒரு நாளும் ஸ்டியரிங் என் கைக்கு வரவில்லை. ஊருக்கு வந்து, பயணப் பெட்டி விற்கும் கடை வைத்த பிறகும் அந்த ஆசை போகவில்லை.

உங்கள் உம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“இந்த ஊர்ல உசரமான மேடுன்னா ஸ்பீடு பிரேக்கர்தான். அதுக்கு எதுக்குங்க நாலு சக்கரமும் இழுக்கணும்?”

“கடற்கரை இருக்குல்ல.”

“கடற்கரைக்கு நடந்தே போவலாம்.”

நான் அசரவில்லை. கடைக்குப் பெட்டிகள் வரும் அட்டைகளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஜீப் ஜீப்பாக வரைந்தேன். ஒரு படத்தில் முன்கண்ணாடி ஓரமாக ஒரு குழாய் மேலே ஏறிப் போகும்.

“இது என்ன, தும்பிக்கையா?” என்றாள் உம்மா.

“மூச்சுக்குழாய். ஆழமான தண்ணியில போறப்ப இன்ஜினுக்குக் காத்து வேணும்ல.”

“அரசலாத்துக்கு மேல பாலம் கட்டியிருக்காங்க. அதுல போங்க.”

குழாய் போயிற்று. அடுத்த படத்தில் முன்பக்கம் ஒரு கம்பிக்கயிற்று உருளை. வண்டி சிக்கினால் கயிற்றை எதிலாவது கட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். பெரியவன் பார்த்துவிட்டு, “கடற்கரையில எதுல கட்டுவீங்க வாப்பா?” என்றான். படகில் கட்டலாம் என்றேன். “அப்ப படகுதான் நம்மகிட்ட வரும்” என்றான். அதுவும் போயிற்று.

கடைசியில் மிஞ்சியது இரண்டு. வண்டியை ஒரு சாண் உயர்த்துவது, பெரிய டயர் போடுவது.

உயர்த்துகிற வேலை நன்றாகவே நடந்தது. அடியில் வில்போல வளைந்த இரும்புப் பட்டைகளை மாற்றினார்கள். வண்டி கம்பீரமாக எழுந்து நின்றது. உம்மாவுக்குத்தான் ஏற முடியவில்லை. அடுப்படியில் இருந்த நீல பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து போட்டு ஏறினாள். ஏறிய பிறகு முக்காலி கீழேயே நின்றது. மறுநாள் அதன் காலில் ஒரு கயிறு கட்டி, மேலே உட்கார்ந்துகொண்டு கிணற்று வாளியைப் போல இழுத்துக்கொண்டாள். தெருவே பார்த்தது.

அன்று மாலைதான் அவள் ஒரு முடிவு சொன்னாள். போலகத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் ஜீப்பை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு தடவ. திருவேட்டக்குடியில தண்ணி ஓரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும். படகு இழுக்குற டிராக்டரக் கூப்பிட்டீங்கன்னா அன்னைக்கே போலகத்துக்காரருக்குக் குடுத்துடணும். சரியா?”

சரி என்றேன். எல்லாம் புது டயர் வரப்போகிற தைரியம்.

டயருக்குத் தஞ்சாவூர்க் கடைக்காரரிடம் போனில் சொல்லியிருந்தேன்.

“மண்ணுல ஓடுற டயர் வேணுங்க.”

“எந்த மண்ணுங்க?”

“நம்ம ஊர் மண்ணுதாங்க.”

“அப்ப கவலைய விடுங்க, நான் பாத்து அனுப்புறேன்.”

பிள்ளைகளே, இங்கே கவனியுங்கள். நமக்கு வயலில் இருப்பதும் மண்ணு, பூந்தொட்டியில் இருப்பதும் மண்ணு, கடலோரத்தில் காலைச் சுடுவதும் மண்ணுதான். நான் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் வயலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். வந்து இறங்கிய டயர்களில் கட்டை கட்டையாகப் பற்கள். சேற்றுக்கு என்று செய்தவை. எனக்கு அது புரியவில்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று காற்றை வேறு கல் மாதிரி அடித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாம் நான்கு பேரும் போனோம். தார்ச்சாலை முடிந்து மணலில் இறங்கினோம். குட்டிக் கம்பியைப் போட்டேன். ஜீப் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு போகவில்லை, இறங்கிற்று. நான் மிதிக்க மிதிக்க, டயர் பற்கள் மணலை அள்ளிப் பின்னால் வீசின. உயர்த்திய ஒரு சாணும் போய், வண்டி பழைய உயரத்துக்கே வந்துவிட்டது. உம்மா அன்று முக்காலி இல்லாமல் இறங்கினாள்.

படகுகளுக்கு நடுவே வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் பள்ளங்களை எட்டிப் பார்த்தார்.

“நல்லா உழுதிருக்கீங்க பாய். வெத கொண்டாந்திருக்கீங்களா?”

“நாத்து நடுறதா இருந்தா சொல்லுங்க, ஆளு அனுப்புறோம்” என்றார் இன்னொருவர்.

நானும் சிரித்தேன். கொஞ்சம் தள்ளி டிராக்டர் நின்றது. அதன் டிரைவர், கூப்பிடுவீர்களா என்பதுபோல என்னையே பார்த்தார். போலகத்துத் தோப்பில் என் ஜீப் தேங்காய் சுமப்பது கண்ணில் தெரிந்தது. கையைத் தூக்கப் போனேன்.

“இருங்க” என்றாள் உம்மா. முக்காலியை மணலில் போட்டு உட்கார்ந்திருந்தாள். “வெள்ளிக்கிழமைக் கதை சொல்றப்ப எல்லாம், மணல்ல எறங்குறதுக்கு முன்ன சக்கரத்துக் காத்தைக் கொறைப்பாங்கன்னு சொல்வீங்களே. கொறைச்சீங்களா?”

இல்லை. சட்டியைப் பிடித்திருந்தவனுக்குச் சட்டிதான் ஞாபகம் இருந்திருக்கிறது.

சாவியின் நுனியால் வால்வை அழுத்தினேன். நான்கு சக்கரமும் ஒவ்வொன்றாகச் சீறின. காற்று குறையக் குறைய, டயர் ஒட்டகப் பாதம்போல அகலமாகப் பரவிற்று. பெரியவன் கையால் மணலைத் தோண்டி வழி செய்தான். வலைக்காரர்கள் பேச்சை நிறுத்தாமலே தோள் கொடுத்தார்கள். வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுத்தேன். ஜீப் மேலே வந்தது. அப்படியே வளைத்துத் தண்ணீர் ஓரம் வரை போனேன். முன்சக்கரத்தை அலை நனைத்தது. அந்தச் சத்தத்தில்தான் சின்னவள் விழித்து, “வந்துட்டோமா?” என்றாள்.

திரும்பும்போது தார்ச்சாலையில் நடந்து போகிறவர்கள் நம்மை முந்தினார்கள். காற்றடிக்கும் கடை வரும்வரை அப்படித்தான் ஊர்ந்தோம். உம்மா ஏன் என்னைத் தடுத்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டிராக்டர் வந்திருந்தால் அவள் ஜெயித்திருப்பாள்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவள் முக்காலியைக் கயிற்றில் இறக்கி, அதன்மேல் கால் வைத்து இறங்கி, கயிற்றைச் சுருட்டினாள்.

“இந்தாங்க, அந்த அட்டையில இன்னொண்ணு வரைஞ்சுக்குங்க” என்றாள். “எம் பக்கம் ஏறுறதுக்கு ஒரு படி.”