தரைப்பாலத்துச் சலூன்காரி

"அசையாம உக்காரு, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, சீப்பைக் கொண்டையில் செருகிக்கொண்டு ஃபுசாயே வெளியே போய்விடுவாள். நாற்காலியில் இருப்பவர் ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய தலையும் மறுபக்கம் காடுமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எங்கள் குரோசே ஊர்க்காரர்கள் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. கிடக்கிற பழைய வார இதழைப் புரட்டுவார்கள், இல்லாவிட்டால் ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள். ஒருமுறை தபால்காரர் அப்படியே எழுந்துபோய், மேட்டு வீடுகளுக்கெல்லாம் கடிதம் கொடுத்துவிட்டு வந்து மீதித் தலையைக் காட்டினார்.

அவள் கடைக் கண்ணாடிக்கு நேர் எதிரே சன்னல். சன்னலுக்கு வெளியே ஷிமாந்தோ ஆறும் எங்கள் தரைப்பாலமும். ஆகவே தலை வெட்டும்போதே பாலம் முழுவதும் கண்ணாடியில் தெரியும். அந்தப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஒரு கார் போகும் அகலம், இரண்டு பக்கமும் ஒரு முழம் சிமெண்டு, அதற்குப் பிறகு தண்ணீர். பெரிய பாலம் ஆற்றோடு வெகுதூரம் கீழே போனால்தான் உண்டு. ஆனால் காரில் வழி சொல்கிற கருவிக்கு எங்கள் பாலத்தின்மேல் என்னவோ ஒரு பிரியம், வெளியூர்க்காரர்களை எல்லாம் இங்கேதான் கொண்டுவந்து விடும். அக்கரையில் ஒரு கார் வந்து நிற்கும். ஒருவர் இறங்குவார். பாலத்தைப் பார்ப்பார், காரைப் பார்ப்பார், ஏறுவார், மறுபடி இறங்குவார். அவ்வளவுதான், ஃபுசாயே கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள்.

"ஏன் தம்பி, காருக்கு நீச்சல் தெரியாதா?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. அடுத்தது கட்டளை. "சாவியைக் குடு. அந்தப் பக்கம் ஏறி உக்காரு. கண்ணை மூடினாலும் சரி, திறந்தாலும் சரி, கத்த மட்டும் கூடாது. கத்தினா மீன் ஓடிடும், தூண்டில் போடறவங்க என்னைத் திட்டுவாங்க." பாலத்தின் நடுவில் யாராவது துணிந்து வாய் திறந்து, ஏன் கைப்பிடி வைக்கவில்லை என்று கேட்பார்கள். "வெச்சா வெள்ளத்துல வர்ற மரமெல்லாம் அதுல மாட்டிக்கும். பாலமே போயிடும். ஒண்ணும் இல்லாததாலதான் இது நிக்குது" என்பாள், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டியபடி. கேட்டவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

காசு வாங்க மாட்டாள். அதனால் அவர்கள் ஊருக்குப் போய்ப் பலகாரப் பெட்டி அனுப்புவார்கள். பெற்றதற்குப் பதில் அனுப்பாமல் இருப்பது எங்கள் வழக்கமில்லையே, இவள் ஆற்றுப்பாசியைக் காயவைத்து அனுப்புவாள். அதற்கு அவர்கள் பதில் அனுப்புவார்கள். நகோயாவில் ஒரு பல் மருத்துவருக்கும் இவளுக்கும் இந்தப் போர் வருடக்கணக்காக நடக்கிறது. "அந்த ஆளு தோத்துட்டேன்னு ஒப்புக்கிட்டா நானும் நிறுத்திடுவேன்" என்கிறாள்.

அறுபதை நெருங்குகிற, குள்ளமான, உரத்த குரல்காரி. கணவன் நகாஹிரா இறந்த பிறகு கத்தரியை அவள் கையில் எடுத்தாள். கை சுத்தமான கை. ஆனால் வாய் ஓடினால்தான் கை ஓடும். நடுவில் அவள் பேச்சு நின்றால் நாங்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம். பக்கத்துச் சாராயக்கடை என்னுடையது. அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏ சாராயக்கடை" என்பாள், அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

இப்படிப்பட்டவள் போன வசந்தத்தில் வாயைக் கட்டிக்கொள்ளப் பழகினாள். காரணம் அவள் மகன் ரியோஹே. சைத்தாமாவில் வேலை பார்க்கிறவன், மிஹோ என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்துவிடுகிறேன் என்றான். ஃபுசாயேவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மிஹோவின் அப்பா, செகினே என்று பெயர், மருந்துக்கடைக்காரர், மனைவியை இழந்தவர், இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஊரைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். அவர் வேண்டாம் என்றால் மிஹோ மீற மாட்டாள். ஒரே பெண். மிஹோ வராவிட்டால் ரியோஹேயும் வரப்போவதில்லை.

"அம்மா, அவர் வர்ற அன்னிக்கு ஒரு நாள் மட்டும் பேசாம இரும்மா" என்று போனில் கெஞ்சினான் மகன். "நீ ரொம்ப அமைதியானவள்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"எதுக்குடா சொன்னே?"

"அவர் அமைதியான ஆளு. அதான் அப்படிச் சொன்னா பிடிக்கும்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து பயிற்சி. வாயை இறுக்கிக்கொண்டு எனக்கு வணக்கம் சொல்லிக் காட்டுவாள். "எப்படி?" என்பாள். "பல்வலி வந்த மாதிரி இருக்கு" என்பேன். உடனே பயிற்சி கலைந்து வசவு ஆரம்பித்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. ரியோஹேயும் மிஹோவும் மதிய ரயிலில் வருவதாக இருந்தது, அப்பாவும் அவர்களோடு வருவார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கணவன் இல்லாத வீடு, சபையில் ஓர் ஆண்பிள்ளையாவது உட்காரட்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். "இந்தக் காட்டுத் தலையோடவா என் சம்பந்தி முன்னாடி உக்காருவே?" என்று காலையிலேயே பிடித்து நாற்காலியில் போட்டாள். வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கம் தொடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், அக்கரையில் ஒரு வெள்ளைக் கார். வாடகைக் கார் என்று பிற்பாடு தெரிந்தது.

"போகாதே ஃபுசாயே. இன்னிக்கு வேண்டாம்" என்றேன்.

"பாவம்யா, மூணாவது தடவை இறங்கறாரு" என்று சொல்லிச் சீப்பைக் கொண்டையில் செருகினாள்.

காருக்குள் நடந்ததை அவள் சொன்னதும் பிற்பாடு அவர் சொன்னதும் சேர்த்து எழுதுகிறேன். வந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். நீச்சல் கேள்விக்கு அவர் சிரிக்கவில்லை. "தெரியாதுங்க" என்றார் மரியாதையாக. பக்கத்து இருக்கையில் ஏறி, ஊதாத் துணியில் கட்டிய ஒரு பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கார் இவ்வளவு பெருசு, நெஞ்சு இவ்வளவு சின்னதா அண்ணே?" என்று ஆரம்பித்தாள் ஃபுசாயே. "அது என்ன, தங்கமா?"

"பலகாரம்."

"பலகாரத்தையே இப்படிக் கட்டிப் பிடிக்கறீங்களே! ஆத்துல விழுந்தா நான் நீந்திப் போயிடுவேன். நீங்களும் பலகாரமும் மீனுக்கு."

"நகாஹிரா வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றார் அவர். "பொண்ணும் மாப்பிள்ளைப் பையனும் ரயில்ல வர்றாங்க. நான் முன்னாடியே வந்து ஊரைத் தனியாப் பாக்கலாம்னு வந்தேன். அந்த வீட்டுல ஒரு அம்மா இருக்காங்களாம். ரொம்ப அமைதி, வாயே திறக்க மாட்டாங்களாம். எனக்கும் பேச வராது. போய் என்ன பேசறதுன்னுதான் யோசிச்சிட்டே வர்றேன்."

கார் பாலத்தின் நடுவில் நின்றது. வாசலில் நின்று பார்த்த நான், என்ஜின் போய்விட்டது என்றே நினைத்தேன். போனது ஃபுசாயேவின் மூச்சு. பிறகு கார் நகர்ந்தது. மீதிப் பாலம் முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடை முன்னால் நிறுத்தினாள், சாவியை அவர் கையில் வைத்தாள், வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாக ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

அவர் உள்ளே வந்தார். கழுத்தில் வெள்ளைத் துணியோடு நான் குனிந்து வணங்கினேன். என் தலையை நிதானமாகப் பார்த்தார்.

"இங்கே இப்படித்தான் வெட்டுவாங்களா?"

"இல்லீங்க, இன்னும் முடியல."

"அப்படியா." வாசல் பக்கம் திரும்பிப் பார்த்து, "கார் ஓட்டிட்டு வந்தாங்களே, அந்த அம்மா?"

"அது… பக்கத்துல ஒருத்தங்க" என்றேன். வாழ்நாளில் அத்தனை மட்டமாக நான் பொய் சொன்னதில்லை.

"அப்படியா" என்றார் மறுபடியும்.

அவள் கிமோனோ கட்டி முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு உள்கதவு மெல்ல விலகியது. சாம்பல் நிறக் கிமோனோவில் ஃபுசாயே மண்டியிட்டு, தலை தரையில் படக் குனிந்து, "வாங்க" என்றாள். கொசு பேசியதுபோல ஒரு குரல். அவரும் குனிந்தார். பாலத்தில் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருவரும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டார்கள்.

மகனும் மிஹோவும் வந்து சேர்ந்தார்கள். மிஹோ செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தாள். ரயிலில் எதிரில் இருந்தவர் தூங்கி விழுந்தது, ஆற்றின் நிறம், என் தலை எல்லாவற்றையும் கேட்டாள், சொன்னாள், சிரித்தாள். யாரும் வாய் கொடுக்காததால் அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பெரிய தட்டில் சுட்ட மீனும் ஆற்று இறாலும் அப்படியே இருந்தன. ஃபுசாயே தேநீர் ஊற்றினாள், தலை குனிந்து உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்த்து ரியோஹே பெருமையாகத் தலையாட்டினான், மடையன். உதட்டை இறுக்கி இறுக்கி அவள் முகமே சிவந்து போயிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

செகினே கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஊர் அழகா இருக்குங்க. பையனும் நல்ல பையன். எனக்கு ஒரே ஒரு கவலை. அம்மா தவறினதுலேர்ந்து இவ என்கிட்டதான் பேசுவா. நான் 'அப்படியா'ன்னு சொல்றதோட சரி. ஆளில்லாத வீட்டுல பேசற மாதிரி பேசிக்கிட்டு இருப்பா. எனக்கு அது மனசுக்குக் கஷ்டம். இங்கயும் ஆத்துச் சத்தம் மட்டும்தான் கேக்குது. பையன் வேலைக்குப் போயிட்டா இவ யார்கிட்ட பேசுவா?"

"அப்பா!" என்றாள் மிஹோ.

"இந்த அம்மாவை நான் குறை சொல்லல. அவங்க என்னை மாதிரி. ஆனா என்னை மாதிரி இன்னொருத்தர்கிட்ட இவளை அனுப்ப எனக்கு மனசு வரலை."

ரியோஹேயின் முகத்தில் ரத்தமில்லை. நல்லதுக்கென்று தான் சொன்ன பொய்யே கல்யாணத்துக்குக் கல்லாக வந்து விழும் என்று அவன் எங்கே கண்டான்! அவர் கிண்ணத்தையே பார்த்தபடி, "காலையில ஒரு அம்மா என்னைப் பாலத்துல கூட்டிட்டு வந்தாங்க. அவங்க வீடு பக்கத்துலதானா?" என்று கேட்டார். நிஜமாகக் கேட்டாரா, கிண்டிப் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஃபுசாயே மகனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவள் இடுப்புக் கச்சையிலிருந்து ஒரு கயிற்றை உருவி, வேலைக்கு இறங்குகிறவள்போலக் கிமோனோவின் இரண்டு கைகளையும் சுருட்டித் தோளோடு இழுத்துக் கட்டினாள்.

"பக்கத்துல எல்லாம் இல்லீங்க, இங்கயேதான் இருக்கா! பொய் சொன்னது இவன். கூட நின்னது நான். காலையிலேர்ந்து வாயைக் கட்டி எனக்கு நெஞ்சு வலியே வந்துடுச்சு. நெஞ்சு சின்னதுன்னு சொன்னேன் பாருங்க, அது தப்பு, மன்னிச்சுக்கங்க. பொண்ணை நெனச்சுத் தனியா இவ்வளவு தூரம் வந்தவருக்கு நெஞ்சு சின்னதா? மத்ததை எல்லாம் வாபஸ் வாங்க மாட்டேன். ஏம்மா மிஹோ, ரயில்ல தூங்கினவன் வழுக்கையா, நீலச் சட்டையா? அவன் தினம் அந்த ரயில்லதான் தூங்குவான், வீட்டுல பொண்டாட்டி விட மாட்டா!"

"ஆமா, நீலச் சட்டை! ஏன் விட மாட்டாங்க?" என்று மிஹோ முழங்காலால் நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டாள்.

"சொல்றேன் வா. முதல்ல உங்கப்பா தாடையைப் பாரு. அவசரத்துல சவரம் பண்ணி, தாடைக்குக் கீழே ஒரு கொத்தை அப்படியே விட்டிருக்கார். பாலத்துலயே சொல்லியிருப்பேன், அதுக்குள்ள யாருன்னு தெரிஞ்சு போச்சு. எழுந்திருங்க சம்பந்தி, கடைக்கு வாங்க."

"என் இடப்பக்கம்?" என்றேன்.

"உன்னை யாருய்யா பொண்ணு பாக்கப் போறா, இரு!"

சம்பந்தி என்று அவள் கூப்பிட்டுவிட்டாள், அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனாலும் அவள் பின்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரியோஹே வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவும் பயந்தான். ஃபுசாயே நுரையைக் குழைத்தாள், கத்தியைத் தோல்பட்டையில் தீட்டினாள், கண் முழுக்க மிஹோமேல்தான். நீலச் சட்டைக்காரன் கதையில் அவன் மாமியார் வந்து சேர்ந்திருந்தாள். மிஹோ அவளைப் பேசவிடாமல் கேள்வி கேட்டாள், அவள் இவளைக் கேட்கவிடாமல் பதில் சொன்னாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கத்தி காற்றில் அங்கும் இங்கும் போய்வந்தது.

செகினே கண்ணாடியில் அந்த இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஃபுசாயேவின் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கழுத்தை அண்ணாந்து காட்டிக் கண்களை மூடிக்கொண்டார்.